பாயோடு கடைக்குப் போனவர்

அக்கா வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்காமல் ஒரு நாளும் வாங்கியதில்லை. இதில் புதுமை ஒன்றுமில்லை, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் சிட்னியில் பென்டில் ஹில் மரக்கறிக் கடையில் மற்றவர்கள், கடைக்காரர் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் முறிப்பார்கள். அக்கா கடைக்காரரைக் கூப்பிட்டு அவர் கண்முன்னாலேயே முறிப்பார். முறியாமல் வளைகிற காயை அவர் கையிலேயே கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துப் பார்க்கும்படி சொல்லுவார். அந்த நேரங்களில் நான் பருப்புப் பைகள் இருக்கும் பக்கம் போய், அவற்றில் எழுதியிருப்பதை வாசித்துக்கொண்டு நிற்பேன்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர எனக்கு அவர் உறவு இல்லை. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குசினியில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று தட்டு அடுக்கினோம். நான் சூப்பு ஊற்றுவேன். அவர் மூடி போடுவார். மூடுவதற்கு முன் கோப்பையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஆறியிருந்தால் வரிசையை நிறுத்திவிடுவார். மேற்பார்வையாளர் வந்து, சூடு அளக்க ஒரு கருவி இருக்கிறது, அது சரி என்றுதான் காட்டுகிறது என்பார். அந்தக் கருவி ஏழாம் மாடியில் படுத்துக்கொண்டு சூப்புக் குடிக்கப் போவதில்லையே என்று அக்கா கேட்பார். பதில் இல்லாத கேள்விகளை அவர் கோபமில்லாமல், தகவல் கேட்பதுபோலக் கேட்பார். அதுதான் எதிரில் நிற்பவரை அதிகம் திணறவைத்தது.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். எதை எப்படிப் பாவிக்கப் போகிறோமோ, அப்படியே பாவித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தரை துடைக்கிற துடைப்பம் என்றால் கடையிலேயே ஒரு வாளி தண்ணீர் கேட்பார். மழைக்கோட்டு என்றால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே மழைக்குள் போய் நின்றுவிட்டு வருவார். நான் ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இந்த நாட்டில் ஒரு கடைக்குள் நுழைந்தால் எதையும் தொடாமல், விலையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வெளியே வருகிற ஆள். அக்காவோடு கடைக்குப் போவது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனை. ஆனாலும் கூப்பிட்டால் போவேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மெத்தைக் கதை எங்கள் குசினியில் எல்லாருக்கும் தெரியும். கடையில் அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தலையணை கேட்டு வாங்கி, வலப்பக்கம் சரிந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து என்னைப் பார்த்து, கணவர் படுக்கிற பக்கத்தில் தட்டினார்.

"அவர் வேலைக்குப் போட்டார். நீர் வந்து இதில படும்."

"ஐயோ அக்கா, ஆக்கள் பாக்கினம்."

"நான் என்ன, உம்மோட குடும்பம் நடத்தவோ கேட்டனான்? அவர் பிரளேக்க இந்த மெத்தை என்னைத் தூக்கிப் போடுதோ எண்டு பாக்கோணும். படும்."

படுத்தேன். கைப்பையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பிரளச் சொன்னார், பிரண்டேன். இன்னும் பாரமாகப் பிரள வேண்டும், அவர் தொண்ணூறு கிலோ என்றார். ஐந்து மெத்தைகளில் பிரண்ட பிறகுதான் ஒன்றை எடுத்தார்.

இப்போது அக்கா மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறார். மகளுக்குப் பக்கமாக இருப்பதற்காகப் போனார்கள். அங்கே வீடு பார்க்கப் போன நாளில் மற்றவர்கள் அலுமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் முன்னறையின் நடுவில் பாயை விரித்து அரை மணித்தியாலம் வாசித்தாராம். கணவரைப் பக்கத்து வீட்டு வேலியோரம் நிற்பாட்டி, எவ்வளவு சத்தம் அங்கே கேட்கிறது என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டாராம். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டாராம். அந்த வீட்டைத்தான் எடுத்தார்கள்.

வாசித்தது சாக்ஸபோன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அக்காவின் தகப்பனார் வடக்கில் கோயில்களுக்கு நாதஸ்வரம் வாசித்தவர். அவர்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கிற வழக்கம் இல்லை. கேட்டுக்கொண்டே வளர்ந்ததுதான். சிட்னியில் மகன் பள்ளிக்கூடப் பாண்டுக்காக ஒரு சாக்ஸபோன் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் அதை விட்டுவிட்டான். அது அலுமாரிக்குள் கிடந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வெளியே எடுத்த அக்கா, கொடுக்குமுன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தடவை ஊதினார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. கொடுக்கவில்லை. சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, பாயில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்து, தகப்பன் வாசித்ததை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். குழாயை வலத்தொடையில் சாய்த்து, அடி வளைவு பாயைத் தொடும்படி வைத்துக்கொள்வார். எங்கள் சங்கீதத்தைச் சாக்ஸபோனில் வாசிக்கிறவர்கள் கச்சேரிகளில் அப்படித்தான் இருப்பார்கள். நின்று வாசிக்க அவர் பழகவே இல்லை.

பன்னிரண்டு வருடம் வீட்டுக்குள்ளேயே வாசித்தார். கோயில் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருடமும் ஊரிலிருந்து நாதஸ்வரக்காரர் வருவார்கள். அந்த வருடம் விசா பிந்திவிட்டது. ஒலிப்பதிவைப் போட்டுச் சமாளிப்பதாகக் கதை வந்தது. அக்கா என்னைக் காரை எடுக்கச் சொன்னார். கோயில் காரியாலயத்தில் செயலாளரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், மரியாதையான மனிதர். அக்கா தான் வாசிப்பதாகச் சொன்னதும் சிரித்தார்.

"தங்கச்சி, சாக்ஸபோன் எல்லாம் ஹோட்டல்களில வாசிக்கிறது. கோயிலில மேளம், நாதஸ்வரம் எண்டால் அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம்."

"நான் அந்த ஆக்கள்தான்," என்றார் அக்கா.

ஹோம்புஷ்சில் இருக்கிற அவருடைய தம்பி, தகப்பனைச் சங்கீத ஆசிரியர் என்றுதான் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கும் அதுவரை அதுதான் தெரியும். எங்கள் ஆட்கள் இருக்கிற ஓர் அறையில் தன் சாதியைச் சொல்கிற அந்த மூன்று சொற்களை அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார் என்பது என்ன என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். செயலாளர் நாட்குறிப்பைப் புரட்டினார். கடைசியில், திருவிழாவின் ஆறாம் நாள், பின்னேரம், ஆட்கள் வருவதற்கு முதல், அரை மணித்தியாலம் என்று முடிவானது. சரிவராவிட்டால் இடையில் நிறுத்திவிட்டு ஒலிப்பதிவைப் போட்டுவிடுவதாகவும் சொன்னார். குற்றம் நினைக்கக் கூடாது என்றார்.

அக்கா காரில் ஏறிப் பட்டியைப் பூட்டினார். பிறகு, "மகன்ர வாத்தியத்தில அடிச்சுரங்கள் காத்துப் போகுது. திருத்திறவனே அது பிள்ளையளின்ர வாத்தியம், திருத்தி வேலையில்லை எண்டுட்டான். நல்லது ஒண்டு வாங்கோணும்," என்றார்.

இருபது நாள் இருந்தது. ஒரு வாத்தியம்தான் வாங்க முடியும். பிழையாக வாங்கினால் இன்னொன்றுக்கு வழியில்லை. அதனோடேயே கோயிலில் இருக்க வேண்டும். செயலாளர் ஒலிப்பதிவைப் போட்டால், அதற்குப் பிறகு அவரையோ இந்த நாட்டில் இருக்கிற அவருடைய ஆட்களையோ அந்த இடத்தில் இருத்திப் பார்க்க ஒருவரும் துணியமாட்டார்கள். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. ஆனால் தட்டு வரிசையில் மூடி போடும்போது விரல்கள் மூடியின்மேல் ஏதோ வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கிற சாக்ஸபோன்கள் எத்தனை வகை என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். இடைவேளையில் அக்கா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, இன்னார் இன்னதை வாசிக்கிற வீடியோக்களைக் கேட்பார். வேலைநேர ரோஸ்டர் தாளின் பின்பக்கம் குறிப்பெழுதுவார். கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று பிரான்சில் செய்தது. சத்தம் வெளியே வருகிற அதன் அகன்ற வாயில் பூவேலை செதுக்கியிருந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். இரண்டாவது யப்பானில் செய்தது. ஒரு பிழையும் விடாது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். அது கணக்காளர். மூன்றாவது தைவானில் செய்தது. மூன்றிலும் பாரம் கூடியது. அலங்காரம் இல்லை. அது மச்சாள்.

"ஏன் அக்கா மச்சாள்?"

"வடிவு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆனா வீட்டில அலுவல் எண்டால் அவள்தான் முதல் வந்து நிப்பாள்."

நகரத்துக்குள் ஒரு பெரிய வாத்தியக் கடைக்கு ரயிலில் போனோம். சாக்ஸபோன்களுக்கென்று மேல்மாடியில் கம்பளம் விரித்த தனி அறை. தலைமுடியைக் குடுமியாகக் கட்டிய உயரமான விற்பனையாளர் ஒருவர் மிகவும் பண்பாக வரவேற்றார். கறுப்பு உடுப்புப் போட்ட இசைக்கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் ஒரு மூலையில் நின்று வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வாயில் வைத்து ஊதுகிற தன் மவுத்பீஸை வெளியே எடுத்தார். எதை வாசித்தாலும் அந்த ஒன்றோடுதான் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது என்றார். விற்பனையாளர் அதைக் கேட்டு மதிப்போடு தலையை ஆட்டினார். பிறகு அக்கா கம்பளத்தைப் பார்த்தார். கையை முழங்காலில் ஊன்றி நிலத்தில் இருக்கப் போனார்.

நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"அக்கா, இஞ்ச வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. நிமிர்ந்துவிட்டார். விற்பனையாளர் கழுத்தில் மாட்டுகிற பட்டியைக் கொண்டுவந்து போட்டார்.

இரண்டு மணித்தியாலம் நின்றுகொண்டு வாசித்தார். மாணவர்கள் வாசிப்பதுபோலச் சுரங்களை வரிசையாக, நேராக ஏற்றி இறக்கினார். விற்பனையாளர் அப்படித்தான் வாசிக்கச் சொன்னார். மச்சாளை மாட்டியதும் கழுத்து முறிகிறது, பெருவிரல் நோகிறது என்று பத்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் சத்தம் அறை முழுக்கத் தேன் ஊற்றியதுபோல இருந்தது. ஆனால் கணக்காளர்தான் விரலுக்கு இலகு. எந்தச் சுரத்தை ஊதினாலும் அந்த இடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றது. இதுதான் இதன் பெருமை, நீங்கள் நினைத்தாலும் சுருதி விலகாது என்று விற்பனையாளர் சொன்னார். ஏழு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம் என்றார். கணக்காளரைக் கொண்டுவந்தோம். ரயிலில் பெட்டியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, அக்கா பரமட்டா வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். சந்தோஷம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் வீட்டுக்கு வரச் சொன்னார். திருவிழாவுக்குக் கட்டப்போகிற அரக்குநிறப் பட்டுச்சீலையோடு பாயில் இருந்தார். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"கேளும்," என்றார்.

தோடி வாசித்தார். அந்த ராகத்தில் ஒரு சுரம் இருக்கிறது, அதைக் காந்தாரம் என்பார்கள். அது ஓர் இடத்தில் நிற்கிற சுரம் இல்லை, ஆட வேண்டும் என்று அவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். மகனுடைய பழைய வாத்தியத்தில் அது ஆடுவதை நானே கேட்டிருக்கிறேன். இதில் ஆடவில்லை. உதட்டைத் தளர்த்தினார், இறுக்கினார், விரலை அரைவாசி தூக்கினார். கன்னம் சிவந்தது. சுரம் அசையாமல் நின்றது. பிறகு கீழே இறங்கினார். அடிச்சட்ஜம் என்கிற கீழ்ச்சுரத்துக்கு வரும்போது சத்தம் பொசுக்கென்று செத்தது. சீலைக் கொசுவம் குழாயின் அடியில் இருக்கிற மூடிக்குள் சிக்கியிருந்தது. மெல்ல இழுத்து எடுத்தார். பட்டில் ஒரு வட்ட அடையாளம் விழுந்திருந்தது.

"அவங்கள் மாதிரி நிண்டு, அவங்கள் மாதிரி வாசிச்சுப் பாத்து வாங்கினனான். இது அவங்களுக்கு அருமையான வாத்தியம். எனக்கில்லை."

"நான்தான் அக்கா இருக்க விடேல்லை."

"ஓம், நீர்தான். ஆனா உம்மட கதையைக் கேட்டது நான்."

அவர் கோபித்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் அக்கா தன் முறையை விட்டு வாங்கினார். அதுவும் அவருக்கு எல்லாவற்றிலும் முக்கியமான பொருள். காரணம் என்னுடைய வெட்கம். திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது.

"நாளைக்கு லீவு போடும்," என்றார்.

"என்னத்தைச் சொல்லிக் கேக்கிறது?"

"சுகமில்லை எண்டு சொல்லும். உமக்கு வெக்கம் எண்ட வருத்தம் கிடக்குத்தானே. பொய் இல்லை."

மறுநாள் காலை பத்து மணிக்கு, அதே அரக்குநிறப் பட்டுச்சீலையோடு, சுருட்டிய பாயை ஒரு கையிலும் சுருதிப் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அக்கா அந்தக் கடைப் படிகளில் ஏறினார். கணக்காளர் இருந்த பெட்டியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். விற்பனையாளர் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு பாயைப் பார்த்தார். அக்கா தனக்கு வாத்தியம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. தான் அதைப் பிழையாகச் சோதித்துவிட்டதாகவும், இன்றைக்குச் சரியாகச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். விற்பனையாளர் கதிரை கொண்டுவரப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அறையின் நடுவில் பாயை விரித்தார். கொசுவத்தை ஒதுக்கி, சப்பாணி கட்டி இருந்தார். சுருதிப் பெட்டி ஓடத் தொடங்கியது.

முதலில் மாப்பிள்ளை. தோடி எடுத்தார். சுரம் அசைந்தது, தாராளமாக அசைந்தது. ஆனால் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சுருதியிலிருந்து ஒரு நூல் தள்ளியே வந்து நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "போறான், ஆனா வீட்டுக்குத் திரும்பி வாறானில்லை," என்றார். அக்கா என்ன சொன்னார் என்று விற்பனையாளர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அந்தக் கடைக்காரரோடு நான் பேசிய முதல் வசனம் அது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கணக்காளரை எடுத்து, ஒரு சுரம் அசையாமல் நிற்பது ஏன் தனக்குக் குற்றம் என்று அக்கா வாசித்துக் காட்டினார். அதுவரை நின்றுகொண்டிருந்த விற்பனையாளர் குந்தியிருந்து, தலையைச் சரித்துக் கேட்டார். பத்து வருடமாக இதைத்தான் சிறப்பு என்று சொல்லி விற்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா மச்சாளைக் கேட்டார். அது மிகவும் பாரம், அன்றைக்கே உங்களுக்கு ஒத்துவரவில்லையே என்றார் அவர்.

"அண்டைக்கு என்ர கழுத்து தூக்கினது. இண்டைக்குப் பாய் தூக்கும்," என்றார் அக்கா.

தொடையில் சாய்த்து அடி வளைவைப் பாயில் ஊன்றியதும் அது அப்படியே அமர்ந்துகொண்டது. மற்ற இரண்டும் வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டிருந்தன. பாரத்தினாலேயே இது அசையவில்லை. அக்கா கண்ணை மூடினார். காந்தாரம் எழும்பியது. ஆடியது. இன்னும் ஆடியது. பிறகு தன் இடத்துக்கு வந்து, அங்கேதான் பிறந்ததுபோல நின்றது. அந்த அறையில் வேறு யாரும் வாசிப்பதை நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அன்று மூலையில் வாசித்துப் பார்த்துக்கொண்டு நின்ற மாணவிகள் இருவர் வாத்தியங்களை இறக்கிவிட்டு வந்து நிலத்தில் இருந்தார்கள்.

கீழே இறங்கி அடிச்சட்ஜத்துக்கு வரும்போது, பொசுக் என்று சத்தம் செத்தது. மீண்டும் கொசுவம்.

அக்கா சிக்கிய சீலையை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, இதைப் பார்க்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். விற்பனையாளர் உள்ளே போய், வாத்தியம் திருத்துகிறவரைக் கூட்டிவந்தார். தடித்த கண்ணாடி போட்ட வயதான மனிதர். நின்று பார்த்தார், தெரியவில்லை. குனிந்து பார்த்தார், தெரியவில்லை. கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கம்பளத்தில் பக்கவாட்டாகப் படுத்தே விட்டார். அதே இடத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். துணி எந்த வழியாக உள்ளே போகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தார். மூடியைக் காக்கிற கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வெளி இருந்தது. நின்று வாசிக்கிறவர்களுக்கு அது ஒருநாளும் தெரியவராது என்றார். உள்ளே போய் மெல்லிய தோலை வெட்டிக்கொண்டுவந்து அந்த வெளியை மறைத்துப் பொருத்தினார். பிறகு எழும்பாமலேயே, வாசியுங்கள் என்று கையைக் காட்டினார்.

அடிச்சட்ஜம் முழுசாக வந்தது. பாய் அதிர்ந்தது எனக்குத் தெரிந்தது.

தெரிந்தது எப்படியென்றால், அதற்குச் சற்று முன் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தது நான் மட்டும்தான். விற்பனையாளர், திருத்துகிறவர், மாணவிகள் எல்லாரும் நிலத்தில். எனக்கு நிற்பதுதான் வெட்கமாக இருந்தது. அதனால் நானும் பாயின் ஓரத்தில் இருந்துவிட்டிருந்தேன்.

ஆறாம் திருவிழாப் பின்னேரம் மண்டபத்தில் முப்பது பேர்கூட இல்லை. தவிலுக்கு மெல்பேர்னிலிருந்து ஒருவர் வந்திருந்தார். செயலாளர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒலிப்பதிவு இருந்த பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குற்றம் சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்கிற மனிதர். அக்கா பாயில் இருந்தார். கொசுவத்தை ஒதுக்கினார். மச்சாளைச் சாய்த்தார். முதல் ஊதலில் ஒன்றும் வரவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. செயலாளர் ஒரு எட்டு நகர்ந்தார். அக்கா மவுத்பீஸைக் கழற்றி, சீவாளியை நாக்கால் நனைத்து, ஆறுதலாக மீண்டும் பொருத்தினார். அவசரமே இல்லை. மெத்தையில் படுத்திருந்தபோது இருந்த அதே முகம்.

பிறகு வாசித்தார்.

சங்கீதம் பற்றி எழுத எனக்கு அறிவு போதாது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஈரக்காலோடு உள்ளே வந்தார்கள். மடைப்பள்ளியிலிருந்து பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூணோடு நின்றார்கள். தோடியின் அந்தச் சுரம் ஆடி ஆடி வந்து நின்றபோது, ஒரு வயதான அங்கிள் பக்கத்தில் இருந்தவரிடம், இது இன்னாருடைய வாசிப்பு என்று அக்காவின் தகப்பனார் பெயரைச் சொன்னார். அக்காவின் தம்பியும் வந்திருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் போகவில்லை.

அரை மணித்தியாலம் முடிந்தது. செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஐயர் கையை உயர்த்தி, நிறுத்த வேண்டாம் என்று காட்டினார். சுவாமியைத் தூக்கினார்கள். உள்வீதி சுற்றும்போது வாசிக்கிறவர்கள் முன்னால் நடக்க வேண்டும். செயலாளர் ஓடிவந்து குனிந்து, எழும்பச் சொன்னார். அக்கா வாயிலிருந்து வாத்தியத்தை எடுக்காமலே தலையை ஆட்டினார், இல்லை என்று. ஐயர் அங்கிருந்தே, "அம்மா இருந்து வாசிக்கட்டும், சுவாமிக்குக் கேக்கும்," என்றார்.

கேட்டது. சுவாமி பின்பக்கம் போனபோது வாசிப்பு இன்னும் நிமிர்ந்தது. வடக்கு மூலையில் தூக்கிக்கொண்டு போனவர்களின் கால்கள் அந்தத் தாளத்துக்கு நடந்ததைப் பார்த்தேன். சுற்றி முடித்து வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவரும் பாயை மிதிக்கவில்லை. இடது பக்கத்தால் போயிருந்த சுவாமி வலது பக்கத்தால் வந்து அக்காவுக்கு நேரே நின்றார். தோளில் பாரத்தோடு நின்றவர்கள் அசையவில்லை. அக்கா அடிச்சட்ஜத்தில் இறங்கி, மூச்சு முடியும்வரை அதைப் பிடித்து, விட்டார். தவில் முடித்தது. ஐயர் கற்பூரத் தட்டை முதலில் அவரிடம் கொண்டுவந்தார்.

சனம் விலகுமுன் செயலாளர் வந்தார். பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார். குனிந்து ஏதோ சொன்னார். தவில்காரர் வார்களைத் தளர்த்துகிற சத்தத்திலும் சனத்தின் கதையிலும் அக்காவுக்குக் கேட்கவில்லை. இன்னும் குனிந்தார், கேட்கவில்லை. கடைசியில், பட்டுவேட்டியை ஒதுக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பாய்க்கு முன்னால் வெறும் நிலத்தில் இருந்தார்.

"தங்கச்சி, தேருக்கும் நீங்கள்தான் வாசிக்கோணும்."

அக்கா வாத்தியத்தை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் உடனே ஓம் சொல்லவில்லை.

"தேர் எண்டால் வெளியில. என்னை எதில இருத்தப் போறியள்?"

செயலாளர் ஓர் இடத்தைச் சொன்னார்.

"நாளைக்குக் காலமை வந்து அதில இருந்து வாசிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரும் வாரும். தேர் நிக்கிற இடத்தில நிண்டு கேட்டுச் சொல்லோணும். லீவு போடும்."

"ஓம் அக்கா," என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.